மெகாபிட் இருந்தும் காத்திருப்பு ஏன்?

இந்தியாவில் ஓர் இணைய இணைப்பு ‘அகலப்பட்டை’ என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம், 2004-ஆம் ஆண்டின் கொள்கையில் விநாடிக்கு 256 கிலோபிட் என்றும், பின்னர் 512 கிலோபிட் என்றும், 2023-இல் 2 மெகாபிட் என்றும் வரையறுக்கப்பட்டது. மூன்று எண்களும் ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வீடு வந்து சேர வேண்டும் என்பதை மட்டுமே சொல்கின்றன. 100 மெகாபிட், 300 மெகாபிட் என்று இன்று விற்கப்படும் திட்டங்களின் விளம்பரங்களும் அந்த ஓர் அளவைத்தான் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. ஆனால் வீட்டில் இணையத்தைப் பயன்படுத்துபவரின் பொறுமையைச் சோதிப்பது பெரும்பாலும் தரவின் அளவு குறைவதாக இருப்பதில்லை. முதல் எழுத்து திரைக்கு வருவதற்கு முன் கழியும் நேரம்தான் அவரைச் சோதிக்கிறது. அந்த நேரத்தைப் பற்றி விளம்பரங்கள் பெரும்பாலும் வாக்குறுதி தருவதில்லை.

இந்தக் காத்திருப்பு இரண்டு வகைப்படும். ஓர் இணையதளம் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறிய பிறகும் ஒரு வீட்டில் பழைய பக்கமே தெரிவதும், அதே தெருவில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பு உள்ள வீட்டில் புதிய பக்கம் தெரிவதும் முதல் வகை. பக்கம் சரியான இடத்திலிருந்தே வந்தாலும், சொடுக்கியதற்கும் திரையில் ஏதேனும் தோன்றுவதற்கும் இடையில் ஓரிரு விநாடி வெறுமையாகக் கழிவதும், வீடியோ அழைப்பில் குரல் உதட்டசைவுக்குப் பின்தங்கி வருவதும் இரண்டாம் வகை. முதலாவது பழைய தகவலின் ஆயுளைப் பொறுத்தது. இரண்டாவது தொலைவையும் வரிசையையும் பொறுத்தது. இரண்டுமே கஸ்டமர் கேரில் ‘நெட் ஸ்லோ’ என்ற ஒரே புகாராகப் பதிவாகி, ‘ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்ற ஒரே பதிலைப் பெறுகின்றன. அந்தப் பதில் சில சமயம் பலித்துவிடுவதுதான் சிக்கல். ஏன் பலித்தது என்பது தெரியாததால், அடுத்த முறை பலிக்காதபோது கேட்பதற்கு வேறு கேள்வி கைவசம் இருப்பதில்லை.

பெயரிலிருந்து எண்ணுக்கு

இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. மனிதர்கள் தட்டச்சு செய்வதோ பெயரை. பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் இந்த ஏற்பாடு ஒரே ஒரு கோப்பாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரிக்க, மற்ற இடங்களில் இருந்தவர்கள் அவ்வப்போது அதைப் படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக இந்த முறை மூச்சு வாங்கியது. 1983-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பால் மொகபெட்ரிஸ் இதற்கு மாற்றாக வகுத்த டிஎன்எஸ், 1987-இல் திருத்தப்பட்ட வடிவில், அடிப்படை மாறாமல் இன்றும் இயங்குகிறது.

மொகபெட்ரிஸின் அமைப்பு இரண்டு எண்ணங்களின் மீது நிற்கிறது. முதலாவது, பெயர்களின் பொறுப்பைப் படிநிலையாகப் பிரித்துக் கொடுப்பது: உச்சியில் மூல சர்வர்கள், அவற்றின் கீழே ‘.காம்’, ‘.இன்’ போன்ற மேல்நிலைப் பெயர்களின் சர்வர்கள், அவற்றின் கீழே ஒவ்வொரு தளத்துக்கும் உரிய அதிகாரப்பூர்வ சர்வர். (மேல்நிலைப் பெயர்களில் ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய மூன்று தமிழ் எழுத்திலேயே பதிவாகியுள்ளன; அவற்றைப் புழக்கத்தில் காண்பது அரிது.) இரண்டாவது எண்ணம், ஒருமுறை கிடைத்த விடையைக் கேட்டவரே சிறிது காலம் வைத்திருந்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது. இப்படி விடையைச் சேமித்து வைக்கும் இடம் கேச் எனப்படும். இந்த இரண்டாம் எண்ணம் இல்லாதிருந்தால், உலகின் ஒவ்வொரு சொடுக்கும் மூல சர்வர்கள் வரை சென்று மோதி, இணையம் எப்போதோ நின்றுபோயிருக்கும். இந்தக் கட்டுரை பேசும் முதல் வகைத் தொல்லை முழுவதும் இந்த எண்ணத்தின் விலை.

வீட்டிலிருந்து ஒரு கேள்வி செல்லும் வழியைப் பின்தொடர்ந்தால் விலை எங்கெங்கே வசூலாகிறது என்பது தெரியும். உலாவி தன் கேச்சைப் பார்க்கிறது. அங்கே இல்லையென்றால் இயங்குதளத்தின் கேச். அதிலும் இல்லையென்றால் வீட்டு ரவுட்டர். பல ரவுட்டர்களுக்குள் ‘டிஎன்எஸ்மாஸ்க்’ என்ற சிறு மென்பொருள் இருந்து, இயல்பான அமைப்பில் 150 பெயர்கள் வரை நினைவில் வைக்கிறது. ரவுட்டருக்கும் தெரியாதபோது கேள்வி இணையச் சேவை நிறுவனத்தின் ரிசால்வருக்குப் போகிறது. வாடிக்கையாளரின் சார்பில் படிநிலை முழுவதும் ஏறி இறங்கி விடையைக் கொண்டுவரும் சர்வருக்கு ரிசால்வர் என்று பெயர். மூல சர்வர், மேல்நிலைப் பெயரின் சர்வர், அதிகாரப்பூர்வ சர்வர் என்ற மூன்று இடங்களிலும் அது கேட்டு, பெற்ற விடையைத் தன் கேச்சிலும் ஒரு படி வைத்துக்கொள்கிறது. ஆக, ஒரு பெயரின் பழைய எண் குறைந்தது நான்கு இடங்களில் தங்கியிருக்கக்கூடும். அவற்றுள் முதல் மூன்று வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ரவுட்டரை அணைத்துப் போடுவது சில சமயம் பலிப்பதன் காரணமும் இதுவே: அந்தப் பழைய எண் ரவுட்டரில் மட்டும் தங்கியிருந்தால், மின்சாரம் போனதும் அதன் நினைவும் போய்விடுகிறது.

பழைய விடையின் ஆயுள்

ஒவ்வொரு டிஎன்எஸ் விடையோடும் ஓர் எண் சேர்ந்து வருகிறது. இந்த விடையை இத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்று தளத்தின் உரிமையாளர் தரும் அனுமதி அது. டிடிஎல் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. 300 என்றால் ஐந்து நிமிடம், 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு முழு நாள். தளத்தின் எண் மாறியதும் அந்தச் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை என்பதைத்தான் பலர் அறிவதில்லை. புதிய எண் அதிகாரப்பூர்வ சர்வரில் உடனே தயாராக இருக்கிறது. ஆனால் பழைய எண்ணை வைத்திருக்கும் ரிசால்வர், தன்னிடம் உள்ளதன் ஆயுள் முடியும் வரை போய்க் கேட்பதே இல்லை. நேற்று இரவு கேட்ட ரிசால்வரும் இன்று காலை கேட்ட ரிசால்வரும் வெவ்வேறு நேரத்தில் மறக்கின்றன. எனவே தெருவில் ஒரு வீட்டுக்குப் புதியதும் மற்றொரு வீட்டுக்குப் பழையதும் கிடைக்கின்றன.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது. அதைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம். ஒரு நாள் டிடிஎல் வைத்திருந்த பெயரின் எண்ணை மாற்றிவிட்டு, பிறகு அவசரமாக டிடிஎல்லை ஐந்து நிமிடமாகக் குறைப்பதால் பயன் ஏதும் இல்லை. ஏற்கெனவே வெளியே போன விடைகள் பழைய ஒரு நாள் அனுமதியோடுதான் போயிருக்கின்றன. குறைக்க வேண்டியது மாற்றத்துக்கு ஒரு நாளுக்கும் முன்னதாக. பெயரின் அதிகாரப்பூர்வ சர்வரையே மாற்றும்போது காத்திருப்பு இன்னும் நீளும்; ஏனென்றால் ‘.காம்’ சர்வர்கள் ஒரு பெயர் எந்தச் சர்வரின் பொறுப்பில் உள்ளது என்று சொல்லும் விடைக்கு 172800 விநாடி, அதாவது இரண்டு நாள் ஆயுள் தருகின்றன. அதைக் குறைக்கும் உரிமை தளத்தின் உரிமையாளரிடம் இல்லை. பழைய சர்வரை உடனே மூடிவிடாமல் சில நாள் இரண்டிலும் ஒரே விடையை வைத்திருப்பதே இதற்கு வழி.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. புதிய பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே ஆர்வத்தில் அதை உலாவியில் தட்டிப் பார்ப்பவருக்கு, ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற விடை கிடைக்கிறது. அந்த ‘இல்லை’யும் ஒரு விடை என்பதால் அதுவும் சேமிக்கப்படுகிறது. எவ்வளவு நேரம் சேமிக்கலாம் என்பதை 1998-இல் வெளிவந்த நெறிமுறை வரையறுத்தது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை பொருத்தமானது என்றும், ஒரு நாளுக்கு மேல் போனால் தொல்லை என்றும் அது குறிப்பிடுகிறது. பெயரை உருவாக்கியவரின் வீட்டில் மட்டும் தளம் திறக்காமல், ஊரெல்லாம் திறப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தவறு அவருடைய அவசரத்தில் இருக்க, திட்டு இணைப்பு நிறுவனத்துக்குப் போகிறது.

அதற்காக இணைப்பு நிறுவனங்கள் எப்போதும் குற்றமற்றவை என்று கொள்வதற்கில்லை. ரிசால்வர் மென்பொருள்களில் குறைந்தபட்ச டிடிஎல்லை நிறுவனமே நிர்ணயிக்க வழி இருக்கிறது. உரிமையாளர் 60 விநாடி என்று எழுதியிருந்தாலும் ரிசால்வர் தன் விருப்பப்படி அதை நீட்டித்துக்கொள்ளலாம். கேள்விகள் குறைவதால் சர்வர் செலவு குறையும். பரவலாகப் பயன்படும் ‘பைண்ட்’ மென்பொருள் இந்த நீட்டிப்பை 90 விநாடிக்கு மேல் அனுமதிப்பதில்லை. மற்றொன்றான ‘அன்பவுண்ட்’ அனுமதிக்கிறது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் சேமித்ததும் உண்மையும் பொருந்தாமல் போகும் என்று தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. தளத்தின் அதிகாரப்பூர்வ சர்வர் எட்டாத நிலையில் ஆயுள் முடிந்த விடையையே கொடுக்கலாம் என்று 2020-ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்றும் இடம் தருகிறது. இது விபத்துக் காலத்துக்கான ஏற்பாடு என்ற அளவில் நியாயமானதே.

நீட்டிப்பு நடக்கிறதா என்பதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். லினக்ஸ், மேக் கணினிகளில் ‘டிக்’ என்ற கட்டளை, கேட்ட பெயரின் எண்ணோடு அதன் எஞ்சிய ஆயுளையும் விநாடிக் கணக்கில் காட்டும். இணைப்பு நிறுவனத்தின் ரிசால்வரிடம் ஒரு முறை கேட்டால் 3412 என்று வருகிறது. பத்து விநாடி கழித்துக் கேட்டால் 3402 என்று வர வேண்டும். கேச் ஒழுங்காக இயங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இன்னும் 3402 விநாடி காத்திருந்தால் பழையது போய்விடும் என்று நிமிடக் கணக்கோடு சொல்லிவிடலாம். அதிகாரப்பூர்வ சர்வரிடமே நேரடியாகக் கேட்கும்போது 300 என்று வந்து, ரிசால்வரிடம் 3000-க்கு மேல் வந்தால் இரண்டு விளக்கங்கள்தான் உண்டு: உரிமையாளர் அண்மையில் டிடிஎல்லைக் குறைத்திருக்கிறார், அல்லது ரிசால்வர் அதை நீட்டிக்கிறது. அடுத்தடுத்துக் கேட்கும்போது 3412, 95, 3409, 92 என்று எண்கள் மாறி மாறி வருவதும் உண்டு. ஒரே முகவரிக்குப் பின்னால் தனித்தனிக் கேச்சுகளோடு இரண்டு சர்வர்கள் இருக்கின்றன என்பது அதன் பொருள். பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க ஒருமுறை பழைய தளமும் மறுமுறை புதிய தளமும் தோன்றிப் பயனாளரைக் குழப்புவது இத்தகைய இடங்களில்தான்.

ஸ்லாக் நிறுவனத்தின் ஒரு நாள்

பழைய விடையின் ஆயுள் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி நடந்தது தக்க சான்று. அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக், தன் பெயருக்கு டிஎன்எஸ்செக் பாதுகாப்பைச் சேர்க்க அன்று மூன்றாவது முறையாக முயன்றது. ஒரு டிஎன்எஸ் விடை வழியில் திரிக்கப்படவில்லை என்பதை மின்னணுக் கையொப்பத்தால் உறுதி செய்யும் முறை டிஎன்எஸ்செக். ‘இந்தப் பெயரின் விடைகள் கையொப்பமிட்டவை; இல்லாவிட்டால் ஏற்காதே’ என்று அறிவிக்கும் ஒரு பதிவு மேல்நிலையில், அதாவது ‘.காம்’ சர்வர்களில் வைக்கப்படும். அதன் ஆயுள் 24 மணி நேரம்.

பதிவு சேர்க்கப்பட்டதும் சில பயனாளர்களுக்குத் தளம் திறக்கவில்லை என்ற புகார்கள் வந்தன. வழக்கமான பொறியியல் உள்ளுணர்வின்படி ஸ்லாக் மாற்றத்தைத் திரும்பப் பெற்று, மேல்நிலைப் பதிவை நீக்கியதோடு கையொப்பமிடுவதையும் நிறுத்தியது. நிலைமை அதன் பிறகுதான் மோசமானது. பதிவை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ரிசால்வர்கள், கையொப்பம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தன. வந்த விடைகளில் கையொப்பம் இல்லை. எனவே விடைகளைப் போலி என்று கருதி மறுத்தன. நீக்கிய பதிவை அந்த ரிசால்வர்களின் நினைவிலிருந்து அகற்றும் ஆற்றல் ஸ்லாக்கிடம் இல்லை. பெரிய இணைய இணைப்பு நிறுவனங்களையும் பொது ரிசால்வர்களை நடத்துவோரையும் தனித்தனியே தொடர்புகொண்டு, தன் பெயரைக் கேச்சிலிருந்து துடைத்துவிடுமாறு கேட்டுக்கொள்வதே அதற்கு எஞ்சியிருந்த வழி. பயனாளர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே பாதிக்கப்பட்டனர்; ஆனால் அவர்களுள் சிலருக்குத் தொல்லை 24 மணி நேரம் வரை நீடித்தது. தொடக்கப் புகார்களின் காரணம் பின்னர் தெரியவந்தது: ஒரே பதிவால் பல துணைப்பெயர்களுக்கு விடை தரும் பொதுவடிவப் பெயர்களைப் பற்றி ஸ்லாக் பயன்படுத்திய டிஎன்எஸ் சேவை தந்த ஒரு விடையில் பிழை இருந்தது. தேர்ந்த பொறியாளர்களையும் நெருக்கடியில் சறுக்க வைத்தது, திரும்பப் பெறுதல் என்ற செயலுக்கும் கேச்சின் ஆயுள் பொருந்தும் என்ற ஒரு விவரம்.

தொலைவின் கணக்கு

இரண்டாம் வகைக் காத்திருப்பில் முதலில் இயற்பியலுக்கு உரிய பங்கைக் கழித்துவிட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு 100 கிலோமீட்டர் தொலைவுக்கும் போய்வர ஒரு மில்லிவிநாடி ஆகும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். எனவே போய்வர 10 மில்லிவிநாடிக்குக் குறைய வழியே இல்லை. சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 30. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் சுமார் 140. கடலடிக் கேபிள்கள் நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதால் நடைமுறையில் 200-ஐத் தாண்டும். இவ்வாறு ஒரு பொதி, அதாவது தரவின் ஒரு சிறு துண்டு, போய்வர ஆகும் நேரத்தைப் பொறியாளர்கள் லேட்டன்சி என்பார்கள். இணைய விளையாட்டு ஆடும் பிள்ளைகள் ‘பிங்’ என்பார்கள். பிந்தைய பெயர், மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதிய சோதனை மென்பொருளிலிருந்து வந்தது.

ஒரு பக்கம் திறக்க ஒரே ஒரு போய்வருதல் போதுவதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முதலில் டிஎன்எஸ் கேள்வி. பிறகு இணைப்பை நிறுவ ஒருமுறை. பாதுகாப்புக் குறியாக்கத்தை ஒப்புக்கொள்ள, 2018-இல் வந்த புதிய நெறிமுறையில் ஒருமுறையும் அதற்கு முந்தையதில் இருமுறையும். பக்கத்தைக் கேட்டுப் பெற இன்னொருமுறை. 250 மில்லிவிநாடித் தொலைவில் உள்ள சர்வரென்றால் முக்கால் விநாடிக்கும் மேல் போய்விட்ட பிறகே முதல் எழுத்து வருகிறது. திட்டத்தை 100-இலிருந்து 300 மெகாபிட்டுக்கு உயர்த்தினாலும் இந்த முக்கால் விநாடியில் எதுவும் குறையாது.

ஆகவேதான் பெரிய தளங்கள் தங்கள் உள்ளடக்கத்தின் நகல்களை ஊருக்கு ஊர் வைக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு சிடிஎன் என்று பெயர். அருகில் உள்ள நகலுக்குப் பயனாளரை அனுப்ப சிடிஎன்கள் கையாளும் வழிகளுள் ஒன்று டிஎன்எஸ்: கேள்வி எந்த ஊர் ரிசால்வரிடமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த ஊருக்கு அருகில் உள்ள நகலின் எண்ணைத் தருவது. ‘நெட் ஸ்லோவா, டிஎன்எஸ்-ஐ மாற்றுங்கள்’ என்று யூடியூப் காணொளிகள் கண்ணை மூடிக்கொண்டு தரும் அறிவுரை இந்த இடத்தில் இடறுகிறது. கூகுள் 2009-இல் தொடங்கிய 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் 2018-இல் தொடங்கிய 1.1.1.1 ஆகியவை நம்பகமான பொது ரிசால்வர்கள். பெயரைத் தேடித் தருவதில் அவை பல இணைப்பு நிறுவனங்களின் ரிசால்வர்களைவிட வேகமாக இருக்கக்கூடும். ஆனால் மதுரையில் உள்ள பயனாளரின் கேள்வி வேறொரு நகரத்திலுள்ள பொது ரிசால்வர் வழியாகப் போனால், சிடிஎன் அவரை அந்த நகரத்தவர் என்று எண்ணித் தொலைவான நகலுக்கு அனுப்பிவிடலாம். கேள்வியோடு பயனாளரின் முகவரியில் ஒரு பகுதியையும் சேர்த்து அனுப்பி இதைத் தவிர்க்க ஒரு நெறிமுறை 2016-இல் வந்தது. கூகுள் அதைப் பயன்படுத்துகிறது, அந்தரங்கத்தைக் காரணம் காட்டி கிளவுட்ஃபிளேர் பயன்படுத்துவதில்லை. பெயர்த்தேடலில் 15 மில்லிவிநாடி மிச்சம் பிடித்து, அதன் பிறகு வரும் ஒவ்வொரு போய்வருதலிலும் 30 மில்லிவிநாடி இழப்பது லாபமான வியாபாரம் அல்ல.

மாற்றினாலும் மாறாத நிலையும் உண்டு. வழக்கமான டிஎன்எஸ் கேள்விகள் குறியாக்கம் இல்லாமல் செல்வதால், அவை எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டாலும் இடையில் மறித்துத் தன் ரிசால்வரையே பதிலளிக்க வைக்க இணைப்பு நிறுவனத்தால் முடியும். அரசு அல்லது நீதிமன்ற ஆணைப்படி தளங்களைத் தடுக்க நிறுவனங்கள் கையாளும் வழிகளில் டிஎன்எஸ்-உம் ஒன்று என்பதால், மறிப்புக்கு அவற்றிடம் காரணமும் இருக்கிறது. டிஎன்எஸ் சர்வரே இயங்காத ஒரு முகவரிக்குக் கேள்வி அனுப்பிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்: விடை வந்தால், இடையில் யாரோ பதில் சொல்கிறார்கள். கேள்வியைக் குறியாக்கம் செய்து அனுப்பும் ‘டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்’ முறை இப்போது பெரிய உலாவிகள் பலவற்றில் உண்டு.

காத்திருப்பின் நீளமே சில சமயம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். லினக்ஸ் கணினியில் ஒவ்வொரு புதிய தளமும் கிட்டத்தட்ட சரியாக ஐந்து விநாடி நின்று, பிறகு மளமளவென்று திறந்தால், பட்டியலில் உள்ள முதல் டிஎன்எஸ் சர்வர் பதிலளிக்கவில்லை என்று பொருள். ஐந்து விநாடி காத்திருந்து இரண்டாவதிடம் கேட்பது அங்கே இயல்பான அமைப்பு. ஒவ்வொரு முறையும் கால் விநாடி மட்டும் கூடினால் ஐபிவி6 பாதை பழுதாகியிருக்கலாம்; புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாக முதலில் முயன்று, சுமார் 250 மில்லிவிநாடிக்குள் பலன் இல்லையென்றால் பழைய ஐபிவி4 வழியாகவும் முயலுமாறு உலாவிகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. இரவு எட்டு மணிக்கு மட்டும் வரும் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் பகுதி முழுவதற்குமான நெரிசல்; படுக்கையறையில் மட்டும் வருவது வைஃபையின் குறை. இந்த இரண்டாவதைச் சோதிக்க ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை நேரே மடிக்கணினியில் செருகிப் பார்த்தால் போதும். புகார் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாதவருக்கு வாதாட எதுவும் இருக்காது.

ரவுட்டருக்குள் ஒரு வரிசை

இவை எல்லாம் சரியாக இருந்தும், வீட்டில் ஒருவர் தொலைபேசியிலிருந்து திருமணக் காணொளியைப் பதிவேற்றத் தொடங்கியதும் மற்றவர்களின் இணையம் உறைந்துபோவது உண்டு. இந்தப் பழுதின் வேர் நாற்பது ஆண்டு பழையது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், நானூறு கஜத் தொலைவே உள்ள ஓர் இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. வேகத்தை எண்ணூறில் ஒரு பங்காக்கிய இந்தச் சரிவை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், கணினிகள் நெரிசலை உணர்ந்து தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வெளியிட்டார். பொதி தொலைந்தால் நெரிசல் என்று பொருள், எனவே வேகத்தைக் குறை என்பது அதன் சாரம்.

அதன் பிறகு நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது. மோடம், ரவுட்டர் தயாரிப்பாளர்கள் எந்தப் பொதியும் தொலையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பெரிய பெரிய இடைத்தாங்கிகளை, அதாவது அனுப்ப வேண்டிய பொதிகள் காத்திருக்கும் இடங்களை, சாதனங்களுக்குள் வைத்தனர். பொதி தொலையாததால் அனுப்புபவருக்கு நெரிசல் தெரிவதில்லை. அவர் மேலும் மேலும் அனுப்ப, வரிசை நீண்டுகொண்டே போகிறது. விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகம் உள்ள இணைப்பில் ஒரு மெகாபைட் இடைத்தாங்கி நிரம்பினால், அது காலியாக 0.8 விநாடி ஆகும். நூறு பைட்டுக்கும் குறைவான ஒரு டிஎன்எஸ் கேள்வி அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, சுங்கச்சாவடியில் மணல் லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய ஆம்புலன்ஸ் போல. 2010-இல் இந்தச் சிக்கலை அடையாளம் கண்டு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயரிட்டவர் ஜிம் கெட்டிஸ். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் இதற்கு மாற்று தந்தனர்: வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, ஒரு பொதி வரிசையில் நின்ற நேரத்தைப் பார்த்து, அது தொடர்ந்து 5 மில்லிவிநாடிக்கு மேல் போனால் பொதியைக் கைவிட்டு நெரிசலை அறிவிப்பது. அதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை தரும் முறையும் சேர்ந்து, 2018-இல் அது நெறிமுறையாகவே வெளிவந்தது. இந்தப் பணிக்குப் பல ஆண்டுகள் உழைத்த டேவ் டாட் 2025-இல் காலமானார்.

சோதனை எளிது. ஏதேனும் ஒரு முகவரிக்குப் பிங் ஓடவிட்டு, அது 20 மில்லிவிநாடி காட்டும்போது பெரிய கோப்பொன்றைப் பதிவேற்ற வேண்டும். எண் 30, 40 என்று நின்றால் கவலையில்லை. 400, 800 என்று ஏறினால் வரிசை ரவுட்டரிலோ மோடத்திலோ இருக்கிறது. புதிய வரிசை முறையை ஏற்கும் ரவுட்டரில் (‘ஓபன்டபிள்யுஆர்டி’ போன்ற திறந்த மென்பொருள் இயங்கும் ரவுட்டர்கள் உட்பட) அதை இயக்கி, இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைத்து வேக வரம்பு வைத்தால், வரிசை மோடத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து இணையம் விரைவானது போன்ற அனுபவத்தைப் பெறுவது, விளம்பரங்கள் பழக்கியுள்ள மனத்துக்கு ஏற்கக் கடினமானது. இணைப்பு நிறுவனம் தரும் ரவுட்டர்களில் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை.

புகார் எழுதும் முறை

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தாமதத்துக்கு வரம்பே வைக்காமல் இருந்ததில்லை. 2006-ஆம் ஆண்டின் அகலப்பட்டைத் தர விதிமுறை, இணைப்பு நிறுவனத்தின் முனையிலிருந்து பன்னாட்டு நுழைவாயில் வரை 120 மில்லிவிநாடிக்குள்ளும், நிறுவனத்தின் நுழைவாயில் முனையிலிருந்து வெளிநாட்டு இணைப்பு முனை வரை தரைவழிக் கேபிளில் 350 மில்லிவிநாடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. 2024-இல் புதிய ஒருங்கிணைந்த விதிமுறை அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் இத்தகைய வரம்புகள் நிறுவனத்தின் பிணையத்துக்கு உரியவை. குறிப்பிட்ட ஒரு வீட்டின் வைஃபைக்கோ, ரிசால்வர் எத்தனை மணி நேரம் பழைய விடையை வைத்திருக்கிறது என்பதற்கோ உரியவை அல்ல.

ஆகவே புகாரின் வலிமை அதன் சொற்களில்தான் இருக்கிறது. ‘இரண்டு நாளாக நெட் ஸ்லோ’ என்பது லைன்மேன் ஒருவரை வீட்டுக்கு வரவழைக்கும். அவர் இழையின் ஒளி அளவைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார், அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். இன்ன பெயருக்கு, இன்ன நேரத்தில், உங்கள் ரிசால்வர் இன்ன எண்ணை இத்தனை விநாடி டிடிஎல்லோடு தந்தது, அதிகாரப்பூர்வ சர்வர் அதே நேரத்தில் தந்த எண்ணும் டிடிஎல்லும் இவை என்று இரண்டு விடைகளையும் அருகருகே வைத்து எழுதினால், அந்தப் புகார் பிணையப் பொறியாளரின் மேசைக்குப் போக வாய்ப்பு உண்டு. தாமதமென்றால் கேபிளில் எடுத்த பிங் அளவுகள், காலையிலும் இரவிலும், பதிவேற்றம் நடக்கும்போதும் நடக்காதபோதும். 2012-ஆம் ஆண்டின் குறைதீர் விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தரப்பட வேண்டும்; தீர்வு திருப்தி இல்லையென்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு சேவைக் குறைகளுக்கு நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவதற்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பழைய எண் நிறுவனத்தின் ரிசால்வரில் சிக்கியிருக்கும் நிலையில், அதைத் துடைக்கப் பொறியாளருக்கு ஒரே ஒரு கட்டளை போதும். அந்த ஒரு பெயர் மட்டும் கேச்சிலிருந்து நீங்கும், வேறு எந்த வாடிக்கையாளருக்கும் பாதிப்பு இராது. கூகுளும் கிளவுட்ஃபிளேரும் இந்த வேலையை யார் வேண்டுமானாலும் தாமே செய்துகொள்ளும்படி, பெயரைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தும் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கின்றன. மாதக் கட்டணம் வாங்காத பொது ரிசால்வர்கள் தரும் இந்த வசதியை, மாதாமாதம் கட்டணம் வாங்கும் இணைப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர் செயலியில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கட்டணம் செலுத்தவும், திட்டத்தை உயர்த்தவும் அங்கே பொத்தான்கள் உண்டு.